கல்லூரியை விட்டு நின்றவனைத் தேடி யார் போகிறார்கள்?

பொறையாறு பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு மயிலாடுதுறைப் பேருந்துக்குக் காத்திருக்கும். இன்னொரு கூட்டம் சோற்றுப் பையும் பெயின்ட் ஒட்டிய சட்டையுமாகக் காரைக்கால் போகக் காத்திருக்கும். இரண்டு கூட்டத்துக்கும் வயது ஒன்றுதான். சென்ற ஆண்டு முதல் கூட்டத்தில் நின்ற ஒரு தம்பியைச் சில வாரங்களுக்கு முன் இரண்டாவது கூட்டத்தில் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் காலனிப் பையன். பி.எஸ்சி. கணக்கு படித்துக்கொண்டிருந்தவன்.

"என்ன தம்பி, லீவா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, நின்னுட்டேன்."

"எப்ப நின்ன?"

"எப்பன்னு சொல்லத் தெரியலண்ணே. தீவாளிக்கு முன்னாடி ஒரு பதினஞ்சு நாள் போகல. அப்பறம் போறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்."

கல்லூரியில் இருந்து யாராவது போன் செய்தார்களா என்று கேட்டேன். "யாரும் கேக்கலண்ணே" என்றான். பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான்.

நம் பிள்ளைகள் கல்லூரியை விடுவதற்குக் காரணம் வறுமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வறுமை உண்மைதான். ஆனால் அந்தப் பையன் சொன்ன பதிலில் அதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அவன் எந்த நாளிலும் "இனி படிக்க மாட்டேன்" என்று முடிவு எடுக்கவில்லை. பதினைந்து நாள் போகவில்லை, அவ்வளவுதான். பதினாறாவது நாள் யாராவது ஒருவர் வந்து கூப்பிட்டிருந்தால் போயிருப்பான். இதே பையன் எட்டாம் வகுப்பில் நாலு நாள் வராமல் இருந்திருந்தால் வாத்தியார் தெருமுனைக்கு வந்து நின்று அவன் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு, வராதவர் பட்டியல் உண்டு, தேடிப் போக ஆள் உண்டு. பிளஸ் டூ முடித்த மறுநாளே அந்தக் கண்ணெல்லாம் மூடிக்கொள்கிறது. பதினெட்டு வயதாகிவிட்டதாம், பெரிய ஆளாம்!

கல்லூரி வாசலுக்குள் நுழைவதில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி உயர்கல்வியில் சேர்ந்தோர் நாடு முழுவதும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். பண்ணையாளாகக் கிடந்த தாத்தாவுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வந்ததே 1952-இல்தான். அந்தத் தாத்தாவின் பேத்தி இன்று எம்.எஸ்சி. படிக்கிறாள். இதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இது உள்ளே போனவர்களின் கணக்கு. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் வந்தார்கள், அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கல்லூரி வாரியாக ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

டெல்லியில் ஒரு முறை கேட்டார்கள். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கொடுத்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருந்து 2,424 பட்டியல் சாதி மாணவர்கள் பாதியில் போயிருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் இருந்து 1,068 பேர், ஐ.ஐ.எம்.களில் இருந்து 188 பேர். மாணவர்களுக்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது, ஒரு படிப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகிறார்கள் என்று அமைச்சகம் விளக்கமும் சொன்னது. எங்கள் பையனும் மாறித்தான் போயிருக்கிறான், கணக்கில் இருந்து பெயின்ட் வாளிக்கு.

அந்தப் பதினைந்து நாளுக்கு வருவோம். அவன் ஏன் போகவில்லை? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது. புரட்டாசியும் ஐப்பசியும் நம் பக்கத்தில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் மாதங்கள். அம்மாவுக்கு நடவு வேலை. அறுப்புக்கு எந்திரம் வந்தபிறகு அப்பாவுக்கு வயலில் வேலை பாதியாகிவிட்டது. அந்த நேரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். பையன் பத்து நாள் பெயின்டிங் வேலைக்குப் போய் ஏழாயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அடைமழை பிடித்து ஐந்து நாள். இது ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை. குடும்பத்தைத் தாங்கிய பிள்ளை அவன்.

ஆனால் கல்லூரிக் கணக்கில் அது "ஆப்சென்ட்". பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைந்தால் "கண்டோனேஷன்" என்று பணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம். இன்னும் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. யோசித்துப் பாருங்கள். பணம் இல்லாததால் வேலைக்குப் போனவனிடம், வேலைக்குப் போனதற்காகப் பணம் கேட்கிறோம். அதுவும் எப்போது? நடவு முடிந்து, மழை கொட்டி, செமஸ்டர் தேர்வு நெருங்கும் கார்த்திகையில். காவிரிக் கடைமடையில் ஒரு கல்லூரியின் நாட்காட்டிக்கும் வயலின் நாட்காட்டிக்கும் கொஞ்சமாவது உறவு இருக்க வேண்டாமா?

"உதவித்தொகைதான் வருகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் பிரச்சினை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை 60-க்கு 40 என்ற பங்கில் ஒன்றிய, மாநில அரசுகள் தருவது என்று 2020 டிசம்பரில் முடிவானது. ஒன்றியத்தின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் கல்லூரி ஜூலையில் கட்டணம் கேட்கும், பணம் எப்போது வருமோ தெரியாது. அதுவரை "கட்டு, இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை" என்ற மிரட்டல். வட்டிக்கு வாங்கிக் கட்டிய வீடுகள் உண்டு, தோட்டை அடகு வைத்துக் கட்டிய வீடுகள் உண்டு. பணம் கணக்குக்கு வரும் அன்று வீட்டில் கூரை ஒழுகும், அல்லது ஆஸ்பத்திரிச் செலவு வரும். எடுத்துவிடுவார்கள். பிறகு பையன் கல்லூரிக்குப் போனால் அவன் கடன்காரன்.

விடுதியில் தங்காத கலை அறிவியல் இளங்கலை மாணவருக்கு ஒன்றிய அரசின் 2021 விதிமுறைப்படி பராமரிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாம் பார்த்த பையனுக்கு அது ஐந்து நாள் கூலிகூட இல்லை. இதோடு ஒப்பிட்டால் மாநில அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது மேல். புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் மாதாமாதம் வருகிறது. பேருந்துக்கும் ஜெராக்ஸுக்கும் அன்றைக்கே ஆகிறது. பெண் பிள்ளைகளை இரண்டாம் ஆண்டில் கல்யாணத்துக்கு இழுக்கும் வீடுகளில்கூட "மாசம் ஆயிரம் வருதுல்ல, முடிக்கட்டும்" என்று பாட்டிமார் சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன். காலத்தில் வரும் ஆயிரத்துக்கு உள்ள பலம் காலம் தப்பி வரும் பத்தாயிரத்துக்கு இல்லை.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்து தலித் மாணவர் அதுல் குமார், கூலித் தொழிலாளியின் மகன். 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரில் திரட்டிக் கட்டப் போவதற்குள் ஜூன் 24 மாலை ஐந்து மணி தாண்டி இடம் பறிபோனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் அலைந்தார்கள். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. ஒரு மாணவரின் 17,500 ரூபாய்க்கு நாட்டின் தலைமை நீதிபதி வர வேண்டியிருந்தது. ஆக்கூரிலும் திருக்களாச்சேரியிலும் 4,000 ரூபாய்க்கு நிற்கிற பிள்ளைக்கு யார் வருவார்?

இதற்கு வழி விதிமுறையிலேயே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். "ஃப்ரீஷிப் கார்டு" என்று ஒன்று. தகுதியுள்ள மாணவருக்கு மாநில அரசு அதைக் கொடுத்துவிட்டால், சேரும்போது கட்டணம் கேட்காமல் கல்லூரி சேர்த்துக்கொள்ளலாம். உதவித்தொகை வந்ததும் மாணவர் கட்டினால் போதும். தமிழ்நாட்டிலும் 2012-ஆம் ஆண்டு அரசாணை 92 சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சொல்கிறது. பிள்ளைகள் இந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் நிற்கும்போது ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்பவனுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி.

தரங்கம்பாடி வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நம் மக்களில் பாதித் தெரு லுத்தரன் சபை. சான்றிதழில் "கிறித்தவ ஆதிதிராவிடர்" என்று இருந்தால் ஒன்றிய அரசுக்கு அவர் பட்டியல் சாதி இல்லை, 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தடுக்கிறது. தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். அந்த நிலையை மாற்றச் சொல்லிச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது, மாநில அரசின் உதவித்தொகை மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதுதான். "உனக்குக் கிடையாது" என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பணத்தைச் சொல்லிவிட்டேன். பணம் மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் கல்லூரி சேர்ந்த முதல் மாதம், வகுப்பின் நடுவில் அலுவலகத்தில் இருந்து ஒருவர் வந்து "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லு" என்றார். எழுந்து நின்றோம். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடியானத் தெருப் பையன் மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தான். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் மறு வாரம் எங்களில் ஒருவன் வரவில்லை. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மற்ற பிள்ளைகளோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பட்டியலை அலுவலகத்துக்குள்ளேயே வைத்துத் தனித்தனியாகக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

முதல் செமஸ்டர்தான் கண்டம். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன், முதல் நாளே ஆங்கிலத்தில் கால்குலஸ் கேட்கிறான். புரியவில்லை என்று கை தூக்கக் கூச்சம். வீட்டில் கேட்க ஆள் இல்லை, அவன்தான் அந்தத் தெருவிலேயே முதல் ஆள். மூன்று தாளில் அரியர் விழுகிறது. அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்க முடியவில்லை, "ஃபெயில்" என்று மட்டும் அவருக்குப் புரிகிறது. அடுத்த செமஸ்டரில் இரண்டு. பிறகு தேர்வுக் கட்டணமே சுமையாகிறது. முதல் ஆண்டின் முதல் மூன்று மாதம் மாலையில் ஒரு மணி நேரம் தமிழில் விளக்கிச் சொல்லி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக ஓர் ஆசிரியரை ஒதுக்கினால், இதில் பாதி அரியர் வராது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

போக்குவரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் போட்ட ரயில் பாதை மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாக வந்தது. கல்லூரி இருக்கும் ஊர்களைப் பார்த்து யாரோ கோடு போட்டது போல இருக்கும். 1986-இல் நிறுத்தினார்கள். மீண்டும் விடுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். இப்போது சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்லது. ஆனால் அந்தப் பேருந்து முதல் மணி அடிப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே. தனியார் பேருந்தில் ஏறினால் காசு.

நம் ஊருக்கு இந்தக் கதை புதிதில்லை. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், தமிழில் அச்சு ஓடிய ஊர், சேரிப் பிள்ளைக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்த ஊர் என்று பெருமை பேசுகிறோம். அதே சபையில் 1733-இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அவர் வேளாளர். தஞ்சை ராஜாவின் படையில் இருந்து வந்து, தானே வேதம் படித்து, ஊர் ஊராகச் சபையைக் கட்டிய ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதுதான் தடையாக இருந்தது. உள்ளே விட்டார்கள், பட்டம் வரை விடவில்லை.

பாதியில் நின்றவர் என்றால் அண்ணல் அம்பேத்கரும் ஒரு முறை அப்படி நின்றவர்தான். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்கா போனார். 1916-இல் லண்டனில் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்துபோய், படிப்பு முடியாமலே கப்பல் ஏறி ஊர் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க வீடு தரவில்லை. மும்பையில் கல்லூரி ஆசிரியராகச் சம்பாதித்து, சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் சேர்த்து 1920-இல் மறுபடி லண்டன் போய், 1923-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். இந்தக் கதையில் அவருடைய உழைப்பை எல்லோரும் சொல்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1917-இல் அவர் கிளம்பும்போது, நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்து அனுப்பியது. கதவைச் சாத்தவில்லை.

நம் கல்லூரிகளும் அதைச் செய்ய முடியும். பத்து நாள் தொடர்ந்து வராத மாணவர் பெயரை வகுப்பு ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு என்று ஒன்று இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்கிறது. பலகையில் பெயராக மட்டும் இருக்கும் அந்தப் பிரிவு, அந்த வாரமே வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அந்தப் பட்டியல் மாதம் ஒரு முறை போக வேண்டும். கட்டணப் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டையும் டி.சி.யையும் பிடித்து வைக்கும் பழக்கத்தை ஆட்சியர் ஓர் உத்தரவில் நிறுத்தலாம். அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழுவே 2018 அக்டோபரில் சொல்லிவிட்டது.

நம் தெருவிலும் வேலை இருக்கிறது. பட்டம் முடித்து வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் பொங்கலுக்கு வரும்போது கிரிக்கெட் கோப்பைக்கு நன்கொடை தருகிறார்கள். தரட்டும். அதே நாளில் தெருவில் யார் யார் கல்லூரியில் இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை அரியர், யாருடைய வருமானச் சான்று காலாவதி, யாருடைய வங்கிக் கணக்கு ஆதாரோடு சேரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் என்ன? உதவித்தொகை நிற்பதற்குப் பல நேரம் காரணம் கடைசி இரண்டும்தான். இ-சேவை மையத்திலும் வங்கியிலும் ஒரு நாள் நின்றால் தீரும் வேலை.

அந்தக் கணக்குப் பையனிடம் திண்ணையில் இதையெல்லாம் பேசினேன். அவனுக்கு அரியர் நான்கு. படிப்பைக் குறித்த ஆண்டுக்கு மேலும் சில ஆண்டுக்குள் முடிக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாது. மறு சேர்க்கைக்கு விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதும் தெரியாது. எல்லாம் முடிந்துபோய்விட்டது என்றே ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். மதிப்பெண் பட்டியல்களை எடுத்து வரச் சொன்னேன். பெட்டியின் அடியில் இருந்து பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்ததை அவன் அம்மாதான் எடுத்து வந்தார். ஒன்றுகூட நனையவில்லை.

வருகிற திங்கட்கிழமை இருவரும் கல்லூரிக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை என்று அவனே சொன்னான். கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்றே ஒன்று கேட்டான்.

"சார் திட்டுவாராண்ணே?"